ஹென்ஸ்லோ என்னும் நல்லாசிரியர்

மாணாக்கன் ஒருவன் தானே ஒரு பொருளைத் தேர்ந்து, தானே அதனை ஆராய்ந்து, தானே கட்டுரை வரைதல் வேண்டும் என்னும் முறை இந்நாளில் கல்லூரிகளைக் கடந்து உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றையும் எட்டியிருக்கின்றது. அம்முறையில் மாணாக்கனுக்கு உரிய கடமை யாது என்பது எளிதிற் புலப்படும். ஆசிரியருக்கு உரிய கடமை யாது என்பதே எளிதிற் புலப்படாதது. அவர் மிகுதியாக உதவினாற் கட்டுரை அவருடையதாகிவிடும். உதவாதொழிந்தாலோ மாணாக்கன் இருளிற் கோலின்றி நடப்பவன் ஆவான். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டோ என்று வினவுவார்க்கு, விதிகளை அடுக்கிக் கூறுவதினும் ஒரு மனிதருடைய வாழ்க்கையை எடுத்துக்காட்டுதலே தக்கது என்று யாம் கருதுகின்றோம். அம்மனிதர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் தாவரநூற் பேராசிரியராகவும், சஃபோக் நாட்டுச் சிற்றூர் ஒன்றிற் குருவாகவும் விளங்கிய ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ என்பவர். சார்ல்ஸ் டார்வினுடைய ஆசிரியர் என்றே உலகம் அவரை அறியும். அங்ஙனம் அறிதல் பொருத்தமே. ஆயினும் அஃது அவரை முழுதும் அறிந்ததாகாது.

ஹென்ஸ்லோ 1796ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6ஆம் நாள் கென்ட் நாட்டு ராச்செஸ்டர் நகரிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். பிள்ளைகள் பலர் நிறைந்த அக்குடும்பத்தில் இவரே மூத்தவர். சிறு பருவத்தில் ஒருநாள், தம் உடலளவிற்கு ஏறத்தாழ ஒத்ததொரு பெருங்காளானை வயலிற் கண்டு, அதனை நெடுந்தொலைவு இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார் என்பர். பள்ளியிற் பயிலும் நாளில் ஆப்பிரிக்கப் பயண நூலொன்று அவர் கைக்குக் கிட்டிற்று. அன்றுமுதல் ஆப்பிரிக்காவின் உள்நாடுகளிற் சென்று விலங்கும் பறவையும் ஆராய்தல் வேண்டும் என்னும் வேட்கை அவர் நெஞ்சைப் பற்றிக்கொண்டது. பெற்றோர் அதற்கு இசைந்திலர். அவ்வேட்கை அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. படிப்பவர் இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வாராக; பின்னர் இதனை மீண்டும் கூறவேண்டிவரும்.

1814ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜில் தூய யோவான் கல்லூரியிற் சேர்ந்து, 1818ஆம் ஆண்டிற் கணிதத் தேர்விற் பதினாறாம் இடம் பெற்றுப் பட்டம் அடைந்தார். அடுத்த ஆண்டில் ஆடம் செட்ஜ்விக் என்னும் நிலநூற் பேராசிரியருடன் வைட் தீவிற்குச் சென்று பாறைகளின் அமைப்பை ஆராய்ந்தார். அப்பயணத்தில் இருவரும் பேசிக்கொண்டதன் பயனாகவே, அவ்வாண்டிற்றானே கேம்பிரிட்ஜ் தத்துவ சங்கம் தோன்றிற்று. பின்னர் மான் தீவினையும் ஆங்கில்ஸி தீவினையும் ஆராய்ந்து நிலநூற் கட்டுரைகள் வெளியிட்டார். 1822ஆம் ஆண்டில், இருபத்தாறு வயதிலேயே, கனிப்பொருள் நூற் பேராசிரியரானார். 1823ஆம் ஆண்டில் ஹாரியட் ஜெனின்ஸ் அம்மையாரை மணந்தார். 1824ஆம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்றார். 1825ஆம் ஆண்டிலே தாவரநூற் பேராசிரியர் பதவி அவரை வந்தடைந்தது.

அப்பதவி அந்நாளில் இருந்த நிலையை ஒருவாறு கூறுதல் வேண்டும். அவருக்கு முன் அதனை வகித்த தாமஸ் மார்ட்டின் என்பார் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக விரிவுரை நிகழ்த்தாதிருந்தார். சர்வகலாசாலைத் தோட்டமோ இடங்குறுகி நலிந்து கிடந்தது. உலர்செடித் தொகுப்புப் பேணுவாரற்றுப் பாழாயிருந்தது. ஹென்ஸ்லோவும் அந்நூலில் அப்பொழுது பெரும்புலமை உடையவர் அல்லர். கேம்பிரிட்ஜில் வாழ்ந்த பிறர் எவ்வளவு அறிந்திருந்தனரோ அவ்வளவே தாமும் அறிந்திருந்ததாக அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கின்றார். கற்பிக்கும் கடமை வந்துற்ற பின்னரே அவர் கற்கத் தொடங்கினார் என்க. ஆசிரியர்க்கு இஃது ஒரு குறையென்று சிலர் கூறுவர். யாம் அங்ஙனம் கருதவில்லை. நேற்றுத் தாம் இடறிய இடத்தை மறவாத ஒருவரே இன்று இடறுவானுக்குக் கைகொடுத்தல் கூடும்.

அவர் தம் வகுப்பிற் புதியதொரு முறையைக் கைக்கொண்டார். மாணாக்கர் வெறுமனே அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுதலை அவர் விரும்பவில்லை. மேசையின்மேற் புதிதாகப் பறித்த செடிகளைப் பரப்பி, ஒவ்வொருவரும் தம் கையாலேயே மலரைப் பிரித்து, அதன் உறுப்புக்களை எண்ணிப் பார்க்குமாறு செய்தார். பெரிய படங்களைத் தாமே வரைந்து சுவரில் தொங்கவிட்டார். ஆண்டிற் சில முறை மாணாக்கரை வெளியூர்களுக்கு அழைத்துச் சென்றார். கால்நடையாகவும், வண்டியிலும், ஆற்றிற் படகிலும் அக்குழு செல்லும். காம்லிங்கே என்னும் கரம்பைநிலம் அவர்கள் வழக்கமாகச் செல்லும் இடங்களுள் ஒன்று. வழியில் எவன் எதனைக் கண்டு கொணர்ந்தாலும் ஹென்ஸ்லோ நின்று, அதனைப் பற்றி ஒரு சிறு விளக்கம் கூறுவார். செடியாயினும், வண்டாயினும், கல்லாயினும் அவருக்கு வேறுபாடில்லை.

உலர்செடித் தொகுப்பிலும் அவருக்கென ஒரு முறை இருந்தது. பிறர் ஓர் இனத்திற்கு அழகிய செடி ஒன்றை ஒட்டி வைப்பர். ஹென்ஸ்லோ ஒரே தாளில் ஓரினச் செடிகள் பலவற்றை, வெவ்வேறிடங்களிற் பறித்தனவும் நெடியனவும் குறியனவுமாக, அருகருகே ஒட்டினார். ஓரினத்திற்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு நிகழலாம் என்பதைக் கண்ணாற் காணுதற்கு இஃது ஏற்ற வழி. இனங்கள் தம் எல்லையைக் கடந்து மாறா என்பதே அவருடைய கொள்கை; அவ்வெல்லை எது என்று காண்பதே அவருடைய நோக்கம். அத்தாள்களிற் பறித்தவர் பெயரும் இடமும் நாளும் குறிக்கப்பட்டிருந்தன. மாணாக்கர் பலருடைய பெயர்கள் அங்கே காணப்படும்; டார்வின் பறித்துக் கொடுத்த செடியும் அவற்றுள் உண்டு.

டார்வின் 1828ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் கேம்பிரிட்ஜிற்கு வந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயிலத் தொடங்கி, அதனை வெறுத்துக் கைவிட்டவர் அவர். குருப்பணிக்கு ஆயத்தமாதல் வேண்டும் என்பது தந்தையார் விருப்பம். இளைஞரோ வண்டு பிடித்தலிலேயே காலம் போக்கினார். ஹென்ஸ்லோ வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் தம் இல்லத்தில் மாணாக்கரையும் முதியோரையும் ஒருங்கழைத்து உரையாடுவது வழக்கம். உறவினர் ஒருவர் டார்வினை அங்கே அழைத்துச் சென்றார். அதுமுதல் ஆசிரியரும் மாணாக்கரும் நாடோறும் நெடுந்தொலைவு உலாவச் செல்லும் நண்பராயினர். ஹென்ஸ்லோவுடன் நடப்பவர் என்பதே கல்லூரி ஆசிரியர்களிடையே டார்வினுக்குப் பெயராகும்வரை அந்நட்பு வளர்ந்தது.

அந்நாளில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை டார்வின் முதுமையில் எழுதிவைத்திருக்கின்றார். ஒருமுறை அவர் ஈரமான பரப்பிற் பூந்தாதுக்களை வைத்து நோக்கியபோது, அவற்றிலிருந்து நுண்ணிய குழல்கள் வெளிப்படுதலைக் கண்டார். தாம் பெரியதொரு புதுமையைக் கண்டுவிட்டதாக எண்ணி, ஹென்ஸ்லோவிடம் ஓடினார். அஃது அறிஞர் எல்லாரும் முன்னரே அறிந்த செய்தி. வேறோர் ஆசிரியராயின் நகைத்திருப்பார்; அன்றேல், மாணாக்கன் மனம் நோகாதிருத்தற்பொருட்டு உண்மையை மறைத்திருப்பார். ஹென்ஸ்லோ இரண்டையும் செய்திலர். அந்நிகழ்ச்சி எத்துணை வியத்தற்குரியது என்பதை முதலில் ஒப்புக்கொண்டார். பின்னர் அதன் பொருளை விளக்கினார். அதன்பின் அது முன்னரே நன்கறியப்பட்டது என்பதையும் ஐயத்திற்கு இடமின்றித் தெரிவித்தார். டார்வின் நாணமுற்றுத் திரும்பவில்லை. தாமாகவே ஒன்றைக் கண்ட மகிழ்ச்சியோடும், இனித் தம் கண்டுபிடிப்புக்களை உரைப்பதில் விரைதல் கூடாது என்னும் உறுதியோடும் திரும்பினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கொள்கையை உள்ளத்தில் வைத்து ஆராய்ந்து பின்னரே வெளியிட்ட ஒருவருக்கு, அப்பாடம் அன்று அவ்வறையிற் கிடைத்தது என்று யாம் எண்ணினால் அது மிகையாகாது.

ஹென்ஸ்லோ மென்மையான இயல்பினர். ஆயினும் அநீதி கண்டவிடத்துத் தீப்போல் எழுவார். பிணந்திருடிகள் இருவரைக் காவலர் சிறைக்கு அழைத்துச் சென்றபோது, கேம்பிரிட்ஜ்த் தெருவில் ஒரு கும்பல் அவர்களைப் பற்றிச் சேற்றிலும் கல்லிலும் இழுத்துச் சென்றது. டார்வினுடன் அவ்வழியே வந்த ஹென்ஸ்லோ கும்பலைப் பிளந்து உட்புக முயன்று, இயலாதாகவே, மேலும் காவலரை அழைத்து வருமாறு டார்வினை நகரத் தலைவரிடம் ஓட்டினார். தேர்தலில் வாக்கை விலைக்கு வாங்குதலை எதிர்த்து, அவர் பின்னொருகால் வழக்குத் தொடுக்கவும் முன்வந்தார். பகைவர் காட்டிக்கொடுப்பவன் என்னும் வசைமொழியை அவர் பெயருடன் சேர்த்துச் சுவர்களில் எழுதினர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. இவற்றையெல்லாம் உடனிருந்து கண்ட மாணாக்கர் தாவரநூல் ஒன்று மட்டுமா கற்றிருப்பர்?

1831ஆம் ஆண்டில் டார்வின் பட்டத் தேர்வில் வெற்றி பெற்றார். நிலநூல் கற்குமாறு ஹென்ஸ்லோ அவரைத் தூண்டி, செட்ஜ்விக்குடன் வேல்ஸ் நாட்டிற்குச் செல்லவும் ஏற்பாடு செய்தார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றிச் செல்லும் ஓர் இயற்கைநூல் அறிஞர் வேண்டும் என்ற செய்தி ஹென்ஸ்லோவுக்கு எட்டிற்று. ஆப்பிரிக்காவுக்குச் செல்ல இயலாது ஏங்கிய அச்சிறுவனது வேட்கை அவர் உள்ளத்திற் செத்துப்போகவில்லை. தாமே செல்லலாமா என்று ஒருகால் எண்ணினார். மனைவியார் மறுத்துரைக்கவில்லை, அவர் முகம் வாடிற்று, அம்முகம் கண்டு ஹென்ஸ்லோ அவ்வெண்ணத்தை விடுத்தார். மைத்துனர் லியோனார்ட் ஜெனின்ஸுக்கும் தம் திருச்சபைப் பொறுப்பை விட்டுச் செல்ல மனம் வரவில்லை. எனவே ஹென்ஸ்லோ அம்மாதம் 24ஆம் நாள் டார்வினுக்கு எழுதினார். தேர்ந்த இயற்கைநூற் புலவர் என்று கருதி அவரைத் தாம் பரிந்துரைக்கவில்லை என்றும், பொருள்களைத் திரட்டவும் கூர்ந்து நோக்கவும் குறித்துவைக்கவும் அவருக்கு வேண்டிய தகுதி நிரம்ப உண்டு என்றும் அதில் ஒளிவின்றித் தெரிவித்தார். தாம் அடையாத பேற்றை இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவருக்கு ஈந்த கடிதம் அது. அதில் அழுக்காற்றின் நிழலும் இல்லை, மிகைப்புகழ்ச்சியும் இல்லை.

புறப்படுமுன் ஹம்போல்ட் என்னும் அறிஞரின் பயண நூலை டார்வினுக்குப் பரிசாக அளித்தார். லயல் எழுதிய நிலநூலின் முதற்பகுதியை உடன்கொண்டு செல்லுமாறும், ஆனால் அதன் கொள்கைகளை ஏற்கலாகாது என்றும் அறிவுறுத்தினார். டார்வின் முதற்பாதியைக் கேட்டார், பிற்பாதியைக் கேட்கவில்லை. நல்லாசிரியரின் அறிவுரையை மாணாக்கர் எங்ஙனம் கைக்கொள்வர் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

1831ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் பீகிள் புறப்பட்டது. அது 1836ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாளிலே திரும்பிற்று. ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் ஆசிரியர் கேம்பிரிட்ஜிலும் மாணாக்கர் கடலிலுமாக இருந்தனர். டார்வின் தாம் திரட்டிய கல், எலும்பு, செடி, பறவைத்தோல் முதலியவற்றைப் பெட்டிபெட்டியாக ஹென்ஸ்லோவுக்கு அனுப்பினார். முதற்பெட்டியைக் கண்ட ஹென்ஸ்லோ 1833ஆம் ஆண்டு ஜனவரியில் எழுதிய விடை, ஆய்வுக்கு வழிகாட்டுவார் யாவரும் அறிதற்குரியது என்பது எம் கருத்து. அதிற் கொள்கை விளக்கம் ஒன்றும் இல்லை. நண்டு ஒன்று கால்களை எல்லாம் இழந்து வந்தது. எலிகள் பூஞ்சணம் பூத்துக் கெட்டன. ஒரு பொருள் இடி விழுந்து கரிந்தது போன்ற வெறும் புகைக்கரிக் குவியலாக இருந்தது, அஃது யாது என்று அவர் நகைச்சுவை தோன்ற வினவினார். செடியைத் துண்டாக அனுப்பாது வேரும் இலையும் மலரும் சேர அனுப்புமாறும், ஒவ்வொரு பொருளின்மீதும் எண் பொறித்த சீட்டைத் தவறாது கட்டுமாறும், நிலநூற் குறிப்புக்கள் சரியோ தவறோ என்று கவலுறாமல் கண்டவற்றையெல்லாம் எழுதிவைக்குமாறும் கூறினார். இவற்றோடு நிறையப் பாராட்டும் கலந்திருந்தது. இடையில் ஊர் திரும்பும் எண்ணம் எழுமாயின், அதற்கு உடனே இடங்கொடாது நன்கு எண்ணிப் பார்க்குமாறும் பிறிதொரு கடிதத்தில் அறிவுறுத்தினார்.

டார்வின் எழுதிய கடிதங்களினின்று நிலநூற் பகுதிகளைத் தொகுத்து, 1835ஆம் ஆண்டு நவம்பரில் ஹென்ஸ்லோ தத்துவ சங்கத்திற் படித்துக்காட்டி, சிறுநூலாகவும் அச்சிட்டார். டார்வின் ஊர் திரும்புமுன்னரே அறிஞர் உலகம் அவர் பெயரை அறிந்திருந்தது இதனாலேயாகும்.

இவ்விடத்து ஒரு குறையையும் மறையாது கூறுதல் வேண்டும். டார்வின் கொணர்ந்த செடிகளுக்குப் பெயரிட்டு வெளியிடுவதாக ஏற்றுக்கொண்ட ஹென்ஸ்லோ, அதனை நிறைவேற்றவில்லை. கலாபகஸ் தீவுக் கள்ளியினம் ஒன்றைப் பற்றி 1837ஆம் ஆண்டிலும், கீலிங் தீவுச் செடிகளைப் பற்றி 1838ஆம் ஆண்டிலும் இரு கட்டுரைகள் வரைந்ததோடு அப்பணி நின்றது. எஞ்சிய செடிகள் பல ஆண்டுகள் காத்துக் கிடந்து, இறுதியில் ஜோஸப் ஹூக்கர் என்னும் இளைஞர் கைக்கு மாறின. பிறர் ஆராய்ச்சிக்குப் பொழுதை வாரி வழங்கியவர்க்குத் தம் ஆராய்ச்சிக்குப் பொழுது வாய்க்கவில்லை போலும்.

அப்பொழுது கிடைக்காமற்போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1837ஆம் ஆண்டில் அவர் சஃபோக் நாட்டு ஹிச்சம் என்னும் ஊருக்குக் குருவாக நியமிக்கப்பெற்று, 1839ஆம் ஆண்டிற் குடும்பத்துடன் அங்கே குடியேறினார். கேம்பிரிட்ஜிற்கு ஆண்டுக்கொரு முறை விரிவுரைக் காலத்தில் மட்டுமே சென்றுவந்தார். அவரது கல்வி அச்சிற்றூரிற் புதைந்துவிட்டதாகப் பலர் வருந்தினர். எமக்கோ அவர் வாழ்க்கையின் மேலான பகுதி அங்கேதான் தொடங்கிற்று என்று தோன்றுகின்றது.

ஹிச்சம் அந்நாளில் ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர். பெரும்பாலார் பண்ணைக் கூலிகள். வறுமையும் களவும் குடியும் மலிந்திருந்தன. கோயிலுக்கு வருவார் சிலரே. எழுதப் படிக்க அறிந்தார் அவரினும் சிலர். கூலிகளின் பிள்ளைகள் படித்தாற் பண்ணை வேலைக்கு ஆள் கிடைக்காது என்று நிலக்கிழார் அஞ்சினர். ஹென்ஸ்லோ பெரும்பாலும் தம் பணத்தைச் செலவிட்டுப் பள்ளியொன்று நிறுவினார். ஏழைகள் தமக்கெனப் பயிரிட்டுக்கொள்ளச் சிறு நிலத்துண்டுகளைப் பகிர்ந்தளிக்க முற்பட்டபோது, அவற்றைப் பெறுவார்க்கு வேலை தரலாகாது என்றும் நிலக்கிழார் சிலர் பேசினர். அவர் பின்வாங்கவில்லை, அவர்களை வையவும் இல்லை.

அந்நிலக்கிழாரையே ஆராய்ச்சியாளராக்கவும் அவர் முயன்றது வியப்பிற்குரியது. 1843ஆம் ஆண்டிற் சஃபோக் உழவர்களுக்குச் செய்தித்தாள் வாயிலாகக் கடிதங்கள் எழுதினார். எருக்குவியலில் ஜிப்ஸம் என்னும் உப்பைக் கலந்தால் எருவின் சத்து ஆவியாய்ப் போகாது நிற்குமோ என்பது வினா. அதற்குரிய விடையை அவர் கூறவில்லை. ஒரே வயலில் இரு பாத்திகளை ஒரே அளவாக வகுத்து, ஒன்றற்கு ஜிப்ஸம் கலந்த எருவும் மற்றொன்றற்குக் கலவாத எருவும் இட்டு, விளைவை நிறுத்துக் குறிக்குமாறு வேண்டி, வெற்றிடங்கள் விடுத்த படிவம் ஒன்றை அளித்தார். பலர் அதனை நிரப்ப முன்வந்தனர். அவ்வாண்டிலேயே ஃபீலிக்ஸ்டோ கடற்கரையிற் கிடந்த ஒருவகைக் கற்களிற் பாஸ்பேட்டுச் சத்து நிறைந்திருத்தலைக் கண்டு, அது நல்லெருவாகும் என்று வெளிப்படுத்தினார். அதனாற் பெருந்தொழில் ஒன்று வளர்ந்து, பலர் செல்வராயினர். அவர் அதில் ஒரு காசும் நாடவில்லை.

ஆயினும் ஹிச்சம் ஊரில் அவர் செய்தவற்றுள் தலையாயது, பள்ளிச் சிறார்க்கு நடத்திய தாவரநூல் வகுப்பே. அது 1850க்குப் பின் தொடங்கிற்று. திங்கட்கிழமைகளிற் பள்ளிப் பாடம் முடிந்தபின் அது நடைபெறும். எவரையும் அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை. எட்டு வயது நிரம்பிய எவரும் விரும்பினாற் சேரலாம். ஆனால் வாயிலிலே ஒரு காவல் வைத்திருந்தார். இருவித்திலைத் தாவரம், ஒருவித்திலைத் தாவரம் முதலியவற்றைக் குறிக்கும் நெடிய இலத்தீன் கிரேக்கச் சொற்களைப் பிழையின்றி எழுத்துக்கூட்டக் கற்ற பின்னரே கடைவகுப்பிற் சேர்த்துக்கொள்வார். கேட்டவர் பலர் நகைத்தனர். கலப்பை பிடிப்பவன் மகனுக்கு இச்சொற்கள் எதற்கென்றனர். சிறாரோ அவற்றை விளையாட்டுப்போற் கற்றனர். ஏறத்தாழ நாற்பது பேர் அவ்வகுப்பிற் பயின்றனர்.

பள்ளியில் ஒரு நிலையடுக்கில் சிறு புட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு புட்டியிலும் ஒரு செடியின் பெயர் ஒட்டியிருக்கும். சிறார் பள்ளிக்கு வரும் வழியில் வேலியோரத்திலும் குளக்கரையிலும் பறித்த காட்டுப்பூவைத் தமக்குரிய புட்டியில் இடுதல் வேண்டும். ஒவ்வோராண்டும் இன்ன செடி முதன்முதற் பூத்ததை இன்னார் கண்டார் என்று குறித்துவைப்பர். அக்குறிப்பில் தம் பெயர் ஏறுதற்கு அச்சிறார் எத்துணை விடியலில் எழுந்து ஓடியிருப்பர் என்று எண்ணிப் பார்க்கின்றோம்!

வகுப்பில் ஒவ்வொரு சிறுவனுக்கும் சிறுமிக்கும் ஒரு மலரும், கட்டம் வகுத்த ஒரு தாளும் கொடுக்கப்படும். புல்லி எத்தனை, அல்லி எத்தனை, கேசரம் எத்தனை, சூலகம் எத்தனை, அவை தம்முள் ஒட்டியனவா தனித்தனவா, வேறோர் உறுப்புடன் ஒட்டியனவாயின் எதனுடன் ஒட்டியன என்பவற்றைப் பார்த்து அக்கட்டங்களை நிரப்புதல் வேண்டும். நிரப்பிய பின், அச்செடி எக்குடும்பத்தைச் சார்ந்தது என்று மாணாக்கன் தானே முடிவு செய்வான். ஆசிரியர் விடை கூறமாட்டார். தாளை வாங்கிப் பார்த்து, பிழையுள்ள கட்டத்தைச் சுட்டி, மலரை மீண்டும் அவன் கையிலேயே கொடுப்பார். தொடக்கத்தில் யாம் வினவிய வினாவுக்கு இத்தாளினும் தெளிவான விடையை யாம் எங்கும் காணவில்லை. வினாக்கள் ஆசிரியருடையன, விடைகள் மாணாக்கனுடையன, பிழைகளும் அவனுடையன. உழவர்க்கு அளித்த படிவமும், கடலிற் சென்ற டார்வினுக்கு எழுதிய கடிதமும் இவ்வொரு முறையின் வேறு வடிவங்களேயல்லவா?

அரசி விக்டோரியாவின் இளம்பிள்ளைகளுக்குத் தாவரநூல் கற்பிக்குமாறு அரண்மனையிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. ஹிச்சம் கூலிகளின் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பித்தாரோ, அப்படியே அரச குமாரர்க்கும் கற்பித்தார். அப்பிள்ளைகளும் அதனை மிக விரும்பினர் என்பர்.

ஆண்டிற் சில நாள் குருமனைத் தோட்டத்திற் பெரியதொரு கூடாரம் அடித்து, ஊரார் விளைத்த காய்கனிகளுக்குப் பரிசு வழங்கி, அதன் ஒரு புறத்திற் பலவகைப் பொருள்களைக் காட்சிக்கு வைத்துச் சிறு விரிவுரைகள் நிகழ்த்துவார். ஊர் எல்லையைத் தாண்டியறியாத அம்மக்களைப் புகைவண்டியில் ஏற்றி 1851ஆம் ஆண்டில் லண்டன் மாநகரப் பெருங்காட்சிக்கும், 1854ஆம் ஆண்டில் இருநூற்றுக்கு மேற்பட்டோரைக் கேம்பிரிட்ஜிற்கும் அழைத்துச் சென்றார். செல்லுமுன் அவ்விடங்களைப் பற்றிய சிறு நூல் ஒன்றைத் தாமே அச்சிட்டு அவர்கட்கு வழங்குவது வழக்கம். தாம் பெருமுயற்சி செய்து அமைத்து, 1846ஆம் ஆண்டிலே திறப்பித்த சர்வகலாசாலைப் புதிய தோட்டத்தில், அக்கூலிமக்கள் உலாவியதைக் கண்ட அவர் மனநிலையை யாம் எழுத்தில் வடிக்க வல்லேமல்லேம்.

1859ஆம் ஆண்டு நவம்பரில் டார்வினுடைய இனங்களின் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது. ஆசிரியர் அதனை ஏற்கமாட்டார் என்ற அச்சத்துடனேயே டார்வின் அவருக்கு ஒரு படியை அனுப்புவித்தார். அச்சம் வீணன்று. மாணாக்கர் சான்றுகளைக் கடந்து நெடுந்தொலைவு சென்றுவிட்டார் என்பதே ஹென்ஸ்லோவின் எண்ணம். ஆனால் 1860ஆம் ஆண்டு மே மாதத்தில், கேம்பிரிட்ஜ்த் தத்துவ சங்கத்தில் பழைய நண்பர் செட்ஜ்விக் அந்நூலைக் கடுமையாகத் தாக்கியபோது, எழுந்து நின்று டார்வினுடைய நேர்மையையும் உழைப்பையும் எடுத்துரைத்தவர் ஹென்ஸ்லோவே. கொள்கையை ஏற்காமலே கொள்கையுடையானைக் காத்தார். ஒரு பக்கம் நாற்பது ஆண்டு நண்பர். மறுபக்கம் முப்பது ஆண்டு மாணாக்கர். தாமோ திருச்சபைக் குரு. அவ்விடத்து வாய்மூடியிருப்பின் எவரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார்.

அடுத்த மாதம் 30ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் அத்தியட்சர் வில்பர்போர்ஸுக்கும் ஹக்ஸ்லிக்கும் நிகழ்ந்த புகழ்பெற்ற சொற்போரின்போது, அவைத்தலைமை வகித்தவரும் அவரே. கூட்டம் நெருங்கி ஆரவாரித்தது. அவர் இரு திறத்தாருக்கும் வாய்ப்பளித்து, பொருளின்றிப் பேசினாரைத் தடுத்து, அவையை ஒழுங்குபடுத்தினார். நன்னூலார் நல்லாசிரியர்க்கு நிறைகோலை உவமை கூறியிருத்தலை வகுப்பிற் பயின்ற நாளில், அவ்வுவமையின் பொருள் எமக்கு இத்துணைத் தெளிவாக விளங்கவில்லை.

1861ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் குளிர்காற்றால் நோயுற்ற ஹென்ஸ்லோ பல வாரம் படுக்கையிற் கிடந்தார். மகளை மணந்திருந்த ஜோஸப் ஹூக்கர் உடனிருந்தார். முதியவராகிய செட்ஜ்விக் நெடுவழி வந்து கண்டு சென்றார். டார்வின் வரவில்லை. பயணம் செய்தால் தம் நோய் மிகும் என்பதை ஹூக்கருக்கு எழுதி, வர இயலாமைக்கு மிகவும் வருந்தினார். மே மாதம் 16ஆம் நாள் ஹென்ஸ்லோ இறைவன் திருவடி எய்தினார். தம் சிற்றூர் மக்கள் நடுவே, ஹிச்சம் கோயில் வளாகத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

மைத்துனர் ஜெனின்ஸ் 1862ஆம் ஆண்டில் அவர் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதில் தம் ஆசிரியரைப் பற்றி டார்வின் எழுதிய சில பக்கங்களும் சேர்ந்துள்ளன. ஹென்ஸ்லோ சிறார்க்கென எழுதி முடிக்காது விட்டுச் சென்ற கையெழுத்துப் படியை அடிப்படையாகக் கொண்டு, டானியேல் ஆலிவர் என்பார் 1864ஆம் ஆண்டில் தாவரநூல் முதற்பாட நூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர் அந்நூலையே இந்நாட்டு மாணாக்கர்க்கு ஏற்பத் திருத்தி, இந்நாட்டுச் செடிகளை எடுத்துக்காட்டாக அமைத்து, 1869ஆம் ஆண்டில் இந்தியத் தாவரநூல் முதற்புத்தகம் என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் அச்சிட்டார். ஹிச்சம் பள்ளியிற் கூலிகளின் பிள்ளைகள் வேலியோரப் பூவைப் பிரித்துக் கற்ற பாடம், அங்ஙனம் கடல் கடந்து நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது.